கிராணி வீட்டுப் பல் சவுக்காரம்

குழாய்த் தண்ணீரில் புளோரைடு கலக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து என் கணவர் பற்பசையைத் தொடுவதில்லை. அவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. சிரம்பானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் பின்புறத்தில் அடுப்பு மூட்டித் தேங்காய் எண்ணெய் காய்ச்சுகிறார். இயற்கையான பல் சவுக்காரமாம். அக்கம்பக்கத்தில் பதினொரு வீட்டுக்கு இதுவரை கொடுத்தாயிற்று. அவர்களில் இரண்டு பேர் அதைக் குளிக்கிற இடத்தில் வைத்திருப்பதை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடம் பேசினார். "எமர்ஜென்சி நேரத்திலேயே தோட்டத்து ஜனங்களுக்கு நான் இதைச் செய்து கொடுத்தவன். இதை வைத்திருந்ததற்காகப் போலீஸ் பிடித்துப்போன ஒரு பெண்ணை நானே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு மீட்டு வந்தேன்" என்றார். கை தட்டினார்கள். நான் பின்வரிசையில் சுண்டலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். எமர்ஜென்சி உண்மை. பெண் உண்மை. கையெழுத்தும் உண்மைதான். மீதியை நான் எழுதிவிடுகிறேன். அந்த ஆண்டின் நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ரந்தாவிலிருந்து ஏழு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் இரண்டாம் கிராணி. ஆபீஸில் எழுதுவதும், வாரம் ஒருமுறை லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களுக்கு ரேஷன் சாமான் அளந்து கொடுப்பதும் அவர் வேலை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த எமர்ஜென்சி தொடங்கி மூன்றாவது வருஷம். காட்டுக்குள் ஒளிந்திருந்த அவர்களுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பருக்கையும் போய்ச் சேரக்கூடாதென்று, சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டிச் சுற்றிலும் இரண்டு வரிசை முள்கம்பி போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறக்கும். ரப்பர் பாலுக்குப் பட்டையைக் கீறி மரம் வெட்டப் போகிறவர்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்ப்பார்கள், பெண்களை அதற்கென்று வைத்த ஒரு மலாய்க்காரப் பெண். அரிசி, சீனி, உப்பு, மருந்து, டின் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது. காப்பியைக்கூடச் சீனி போடாமல்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு பிடி உப்போடு பிடிபட்டால் சிறை என்பது லயத்துக் குழந்தைகளுக்கும் தெரியும்.

என் கணவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த உத்தரவைத் தமிழில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியவரே அவர்தான்.

சவுக்காரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு மதராஸிலிருந்து வந்த ஒரு பத்திரிகையின் ஒரு பக்கத்தில் கிடைத்தது. ஒரே ஒரு பக்கம், அதன் கீழ்ப்பாதியில் தைல விளம்பரம். லயத்து ஜனங்கள் அடுப்புக் கரியில் பல் விளக்குவதை அவர் கேவலமாக நினைத்தார். டவுனில் விற்கும் பேஸ்டை அதைவிடக் கேவலமாக நினைத்தார். "வெள்ளைக்காரன் டியூபுக்குள்ள என்னத்த அடைச்சான்னு யாருக்குத் தெரியும்? பன்னிக் கொழுப்பா இருந்தாலும் இருக்கும்" என்பார். டியூபை மோந்து பார்ப்பார்.

ரந்தாவ் கடையில் காஸ்டிக் சோடா கிடைத்தது. அதை வாங்கியிருந்தால் சவுக்காரம் ஒரே நாளில் கெட்டிப்பட்டிருக்கும். கடைச் சரக்கு பல்லுக்கு ஆகாது, சாம்பல் காரம்தான் இயற்கை என்று முடிவு செய்தார். முடிவு செய்வதோடு அவர் வேலை முடிந்தது. அடியில் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய் டின்னில் சாம்பலை அடைத்து, தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும் காரத்தைப் பிடித்தது நான். காரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் ஒரு கோழிமுட்டையை மிதக்கவிட வேண்டும். முட்டை மிதந்தது. அதைக் கழுவி அவித்துத் தரச்சொல்லி அவர் சாப்பிட்டார். பிறகு தேங்காய் எண்ணெயையும் காரத்தையும் சேர்த்து நாலரை மணி நேரம் கிண்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மணி பார்த்தார்.

சாம்பல் காரத்தில் காய்ச்சிய சவுக்காரம் கூழாகத்தான் நிற்கும். என்ன கிண்டினாலும் கட்டியாகாது. உப்பை அள்ளிப் போட்டால்தான் அது திரண்டு மேலே மிதக்கும். அதை வடித்து, கிராம்புத் தூளும் சிரட்டைக் கரியும் கலந்து, தட்டில் அழுத்தி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் காயவைக்க வேண்டும். அதாவது அவருடைய இயற்கைக்கு உப்பு தேவைப்பட்டது. ஒரு தடவைக்கு ஆறு பால் டின் உப்பு. தோட்டத்தில் உப்பை விடக் கெடுபிடியான சாமான் அப்போது வேறெதுவும் இல்லை.

உப்பு எங்கிருந்து வந்தது? ரேஷன் அளக்கிற கை அவருடையது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் அளக்கும்போது உப்பில் அரை டின் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு கட்டி சவுக்காரத்தை வைத்தார். யாரையும் கேட்கவில்லை. பல் சுத்தத்தைப் பற்றித் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு நோட்டீஸ் எழுதி, உப்புக் கூடாது என்ற உத்தரவுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். இரண்டையும் ஒரே கை எழுதியிருந்தது, ஒரே மை. ஸ்டோர் ஆசாரியிடம் சொல்லித் தன் பெயரின் முதலெழுத்தை ஒரு மரக்கட்டையில் செதுக்கச் செய்து, கட்டி ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் அந்த அச்சைக் குத்தினார். குத்துகிற வேலையை மட்டும் அவரே செய்தார்.

காயவைத்த மூன்றாம் நாள் கட்டிகளின் மேல் வெள்ளையாகப் பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தேன்.

"உப்பு பூத்திருக்கு" என்றேன்.

"பூக்கட்டும். உப்பு பல்லுக்கு நல்லதுதானே."

"கேட்டுல பாத்தா?"

"சவுக்காரத்த யாரு நக்கிப் பாக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

எங்கள் வீட்டில் மத்தியானத்துக்கு மேல் துணி துவைக்க லயத்திலிருந்து ஒருத்தி வருவாள். காலையில் மரம் வெட்டு, அதன் பிறகு எங்கள் துணி. முப்பது வயது இருக்கும். மூன்று பிள்ளைகள், கடைசிக் குழந்தைக்குப் பதினொரு மாதம், பால் குடி மறக்கவில்லை. புருஷன் ஸ்டோரில் ரப்பர் ஷீட் புகை போடுகிறவன். அவள் பேச்சுக்கு அவனே பயப்படுவான். சவுக்காரத்துக்குச் சாம்பல் அள்ளிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

"கிராணியம்மா, குழம்புக்கு உப்பு இல்ல. ஐயா குடுத்த கட்டியக் கரைச்சு ஊத்திரட்டுமா?" என்றாள் ஒரு நாள்.

"நுரைக்கும்லா."

"நுரைச்சா என்ன, வயிறும் வெளுத்துரும். நாலாம் லயத்துக் கிழவர் ஐயா பேச்சக் கேட்டுத் தேச்சாரு. இருந்த ரெண்டு பல்லும் ஈறு விட்டு நிக்குது, காவக்காரன் மாதிரி."

"உனக்கு எப்படி இருக்கு?"

"எரியுது. எரிஞ்சா என்ன செய்ய? கரியத் தொட்டா வேலை வாங்குற மண்டோரு திட்டுறாரு. ஐயா உத்தரவாம்."

அதையும் என் கணவரிடம் சொன்னேன். பழகிவிடும் என்றார். காரம் கூடிப்போயிருந்தது என்பது எனக்குத் தெரியும், காய்ச்சியவள் நான். குறைத்துக் காய்ச்சினால் திரளாது, இன்னும் உப்பு கேட்கும். அதனால் நானும் அப்படியே விட்டேன்.

தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். மரம் வெட்டுகிறவர்கள் வீட்டில் பல் விளக்கமாட்டார்கள். ஒரு லயத்துக்கு ஒரே குழாய். வெயில் ஏறுவதற்குள் தன் பங்கு மர நிரையை வெட்டி முடித்தால்தான் பால் வடியும். ஆறு மணிக்குக் கேட் திறந்த பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஓட்டம்தான். முந்நூறு மரத்தையும் வெட்டி முடித்து, பால் கோப்பையில் சொட்டுகிற நேரத்தில், நிரைக்குப் பக்கத்து ஓடையில் இறங்கி முகம் கழுவி அங்கேதான் பல் விளக்குவார்கள். கரித்தூளாக இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் கணவர் பதினாலு வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஜனங்கள் எங்கே பல் விளக்குகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் குளியலறையில் விளக்கினார், அதனால் எல்லாரும் குளியலறையில் விளக்கினார்கள்.

ஏழு வாரம் கட்டிகள் அறுபத்திரண்டு வீட்டுப் பெண்களின் மடியிலும் ஆண்களின் இடுப்பு வாரிலும் கேட்டைத் தாண்டிப் போய்வந்தன. சோதிக்கிற பெண்ணுக்கு அது என்னவென்று தெரியும், அவளும் ஒரு கட்டி வாங்கி வைத்திருந்தாள். எட்டாவது வாரம் திங்கட்கிழமை அவளுக்குப் பதிலாகப் புதிதாக ஒருத்தி வந்தாள். எங்கள் துணிக்காரியின் மடியிலிருந்து வாழையிலையில் சுற்றிய பாதிக் கட்டியை எடுத்தாள். தேய்ந்துபோன கட்டி, அச்சு அழிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நக்கிப் பார்த்தாள். உப்பு. ஆறரை மணிக்கு ஜீப் வந்தது. ஏழுக்குள் அவளை ரந்தாவ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். கிராணி ஐயா கொடுத்தது, பல் விளக்க. பத்து மணிக்கு ஒரு கார்ப்பரல் ஆபீஸுக்கு வந்து அவரை விசாரித்தான். மத்தியானச் சாப்பாட்டில் அவரே எனக்கு அதைச் சொன்னார். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"வீட்டுல துணி சவுக்காரம் காய்ச்சுறதுண்டு, அவ அதுல என்னத்தக் கலந்து எங்க கொண்டு போனாளோ எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"அது பொய்தானே?"

"இந்தா பாரு, உப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு அடுத்த கேள்வி கேப்பான். என்ன சொல்லச் சொல்ற? ரெண்டு நாளு வச்சிருந்துட்டு விட்டுருவான். மோர் இருக்கா?"

நான் மோர் ஊற்றினேன். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் பல் நோட்டீஸ் சுவரிலிருந்து காணாமல் போயிருந்தது. நான்கு மூலையிலும் பசைத் தடம் மட்டும் இருந்தது. உப்பு உத்தரவு அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் புருஷன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தான். குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, அழுகை காற்றாக வந்தது. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் துப்புகிறது என்றான்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா கிராணியம்மா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

ரெண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று சொன்னதாகச் சொன்னேன்.

"உள்ள அனுப்பினா ரெண்டு வருஷமாம். இல்லாட்டி ஊருக்குக் கப்பலேத்திருவாங்களாம். அவ ஊரப் பாத்ததே இல்லீங்க, இங்க பொறந்தவ." அவன் குரலை உயர்த்தவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, காய்ந்துகொண்டிருந்த தட்டை எடுத்தேன். நாற்பத்தொரு கட்டி, எல்லாவற்றிலும் அச்சு தெளிவாக இருந்தது, எல்லாவற்றிலும் உப்பு பூத்திருந்தது. மரக்கட்டை அச்சையும், அவர் மேசை இழுப்பறையில் மடித்து வைத்திருந்த நோட்டீஸையும் அதன் மேல் வைத்தேன். அவர் பனியனோடு வாசலுக்கு வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"ரந்தாவுக்கு."

"தட்ட எதுக்குத் தூக்குற? அத்தனையும் உப்பு. கேட்டுலயே புடிச்சுருவான்."

"பிடிக்கட்டும்னுதான் தூக்குறேன். ஜீப்புல கொண்டுபோவான், லாரிக்குப் பத்து மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"என் வேலை போயிரும். உனக்குச் சட்டம் தெரியாது."

"எழுதி ஒட்டியிருக்கீங்களே, படிச்சேன்."

அவர் கக்கூஸ் சொம்பை எடுத்துக்கொண்டார். உள்ளே போனார்.

வரிசையில் நின்றேன். கிராணி வீட்டுப் பெண் வரிசையில் நிற்பதைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். வேண்டாம் என்றேன். என் முறை வந்தபோது புதிய பெண் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் செருப்பைப் பார்த்தாள். ஒரு கட்டியை எடுத்து நக்கினாள். யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் கார்ப்பரலைக் கூப்பிட்டாள்.

மலாயில் அவனிடம் சொன்னேன்: "திங்கட்கிழமை பாதிக் கட்டிக்கு ஒருத்தியைக் கொண்டுபோனீர்கள். இது நாற்பத்தொன்று. அவளைப் பிடித்தது சரியென்றால் என்னையும் கொண்டுபோங்கள்."

அவன் நெற்றியைச் சொறிந்தான். "கிராணி எங்கே?"

"வயிற்று வலி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜீப்பில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரந்தாவ் போனேன்.

ஸ்டேஷனில் இருந்த சார்ஜெண்டுக்கு ஐம்பது வயதிருக்கும். பாதிக் கட்டியை ஒரு கவரிலிருந்து எடுத்து, என் கட்டிகளோடு வைத்துப் பார்த்தார். நிறம், மணம், கிராம்புத் தூள் எல்லாம் ஒன்றாக இருந்தன. நோட்டீஸின் இங்கிலீஷை உதடசைத்துப் படித்தார்.

"இதில் பல் விளக்குவீர்களா? உண்மையாகவா?"

"ஆமாம்."

"விளக்கிக் காட்டுங்கள்."

சின்னத் தண்ணீர்க் குவளை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நான் விரலால் தேய்த்து விளக்கினேன். அதுவரை ஒரு நாளும் நான் அதில் விளக்கியதில்லை. என் அண்ணன் சிரம்பானிலிருந்து கொடுத்தனுப்பும் பேஸ்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன், அதில்தான் விளக்கினேன். ஏழு வாரமும். வாயெல்லாம் பற்றி எரிந்தது. நுரை மோவாயில் வழிந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் போய்க் கொப்பளித்தேன். கருப்பாக வந்தது, பிறகு கொஞ்சம் சிவப்பாக வந்தது.

சார்ஜெண்ட் சிரிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரியிடம் போய்ப் பேசினார். அதிகாரி நோட்டீஸைப் படித்து, தோட்டத்துத் துரைக்கு டெலிபோன் செய்தார். ஒரு மணிக்குத் துரையின் கார் வந்தது. பின்சீட்டிலிருந்து என் கணவர் இறங்கினார், இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையில். துரை பேசினார், அதிகாரி பேசினார், இவர் இரண்டு பேருக்கும் "எஸ் சார்" சொன்னார். உப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. துரைக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்காது, ரேஷன் அவர் பொறுப்பில் இருந்தது. தோட்டத்துப் பெண்ணைத் தோட்டத்திடம் ஒப்படைத்ததற்கு ஒரு தாள் நீட்டினார்கள். இவர் பேனாவைத் திறந்து, நிப்பை வெளிச்சத்தில் பார்த்து, அழகாகக் கையெழுத்துப் போட்டார். அதுதான் அந்தக் கையெழுத்து. பிறகு துரையோடு காரில் ஏறிப் போனார். அடுத்த வருஷம் அவரைப் பெரிய கிராணியாக்கினார்கள்.

அவளை வெளியே விடும்போது மணி இரண்டே கால். இரவிக்கையின் முன்பக்கம் பால் கட்டி நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். சாமான் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் லாரியின் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மூன்று மைல் தாண்டிய பிறகு கேட்டாள்.

"குழந்த என்னத்தக் குடிச்சுது?"

"டின் பால். துப்பிட்டுதாம்."

"துப்பும்." அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டாள். "உள்ள இருந்து பாத்தேன் கிராணியம்மா, நீங்க அந்தக் கட்டியில விளக்குனத. எப்படி இருந்துச்சு?"

"எரிஞ்சுது. இன்னும் எரியுது."

"மொத நாளா?"

நான் முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

"எனக்குத் தெரியும். உங்க வீட்டுக் குப்பைய நாந்தான கொட்டுறேன். டியூப பாத்திருக்கேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை, துணியில் கறை இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "புதங்கெழம வந்தீங்க. திங்கக்கெழம வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்" என்றேன்.

கேட்டில் அவள் புருஷன் குழந்தையோடு நின்றிருந்தான். குழந்தை அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டது. அவள் வற்புறுத்தவில்லை. கம்பி வேலியோரம் தரையில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். நெடுநேரம் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு சத்தம் நின்றது.

"குடிக்குது" என்றான் அவன், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் அவள் துணி துவைக்க வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு எங்கள் துணியை நானே துவைத்தேன். அவருடைய வெள்ளைக் கால்சட்டைகளை மட்டும் அவரே துவைத்துக்கொள்ளச் சொன்னேன்.